மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய பிறகு தெரியும் முகம்

கேள்வி இது: "போட்டோவைப் பார்த்து அம்மாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். அளவெல்லாம் சரியாக வந்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, 'அழகாத்தான் இருக்கு, ஆனா நான் இல்லை' என்றார். உருவ ஓவியம் என்றால் அழகு, பலவீனம், அடையாளம் என்றெல்லாம் பேசுகிறார்களே, அதெல்லாம் படத்துக்குள் எப்படி வருகிறது? அழகாக வரைவதா, உள்ளதை உள்ளபடி வரைவதா?"

முதலில், அம்மாவின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் முகத்தை வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர் அவர். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும். எந்த முகத்திலும் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு புருவம் சற்று ஏறியிருக்கும், வாயின் ஒரு ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நீங்கள் அறிந்த அம்மாவின் முகம் ஒன்று, அவர் அறிந்த தன் முகம் இன்னொன்று. படத்தைக் கண்ணாடி முன் பிடித்து, உள்ளே தெரிவதை அவரிடம் காட்டிப் பாருங்கள். "இது பரவாயில்லை" என்று சொன்னாலும் சொல்வார்.

ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. போட்டோவிலிருந்து வரைந்ததால் வந்த கோளாறு பாதி. போன் கேமராவின் லென்ஸ் அகலக் கோணத்தில் பார்ப்பது, 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதைக் கைநீட்டும் தூரத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் போய்விடும். முகத்தை எடுக்கும் போட்டோக்காரர்கள், தள்ளி நின்று எடுக்க உதவும் 85 மி.மீ. லென்ஸைத் தேடுவது இதனால்தான். அப்புறம் போனே தன்னிச்சையாகத் தோலை வழவழப்பாக்கிவிடுகிறது. நீங்கள் வரைந்தது ஏற்கெனவே யாரோ திருத்திக் கொடுத்த அம்மாவை.

மீதிப் பாதிதான் பெரிய விஷயம். அளவு சரியாக இருந்தால் ஆள் வந்துவிடுவார் என்பது எல்லாருக்கும் முதலில் இருக்கும் நம்பிக்கை. இரண்டு கண்ணுக்கு நடுவே இன்னொரு கண் அளவு இடம், தலையின் பாதி உயரத்தில் கண் என்று புத்தகங்களில் போட்டிருப்பதெல்லாம் சராசரி முகத்தின் கணக்கு. ஒருவரை அவராகக் காட்டுவது அந்தக் கணக்கிலிருந்து அவர் எங்கே விலகுகிறார் என்பது. கேலிச்சித்திரக்காரர்கள் நாலு கோட்டில் ஆளைப் பிடிப்பது இந்த விலகலை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான். வரையத் தொடங்குகிறவர்களின் கையோ அறியாமலே சராசரியை நோக்கிப் போகும். கோணலை நேராக்கும். படம் அழகாகும், ஆள் காணாமல் போவார். உங்கள் அம்மா சொன்னது ஏறக்குறைய அதுதான்.

இனி அந்த மூன்று சொற்கள். 'பலவீனம்' என்று நீங்கள் எழுதியதை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பலவீனமான ஆளை வரைவதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் முகத்துக்கு ஒரு காவல் போட்டிருக்கிறோம். கேமராவைக் கண்டதும் வருகிறதே ஒரு முகம், அதுதான் அந்தக் காவல். அது இறங்கினால் தெரிவதை என்ன சொல்வது? காயப்படக்கூடிய நிலை என்று சொல்லலாம், நான் 'காவல் இறங்கிய முகம்' என்றே வைத்துக்கொள்கிறேன். உருவ ஓவியத்தில் மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் என்பது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஒருமுறை வரைந்தேன். மூன்று அமர்வு வரை ஒரே முகம்: நிமிர்ந்த கழுத்து, தூக்கிய தாடை, வகுப்பறைக்குள் நுழையும் முகம். படமும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது, அதாவது சுவரில் மாட்டும் அளவுக்கு. நாலாவது அமர்வில் வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும், வருடக்கணக்கில் கண்ணாடி அழுத்திப் பதிந்த இரண்டு சிறு பள்ளங்கள். நடுவில் வெளிறி, ஓரத்தில் சிவந்து. தடித்த கண்ணாடி பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்த கண்கள் சட்டென்று சின்னதாகிவிட்டன. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். அந்தக் கண்கள் என்னைத் தேடின. "அப்படியே இருங்க சார், அஞ்சே நிமிஷம்" என்றேன். "கண்ணாடி இல்லேன்னா நான் யாருன்னு எனக்கே தெரியாதேப்பா" என்று சிரித்தார். சிரித்தாரே ஒழிய, மடக்கிய கண்ணாடியைப் பிடித்திருந்த கை அதை விடவில்லை. விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தார்.

அந்த ஐந்து நிமிடத்தை ஒரு சின்னப் பலகையில் வரைந்தேன். பெரிய படத்தில் வராத மனிதர் அதில் வந்துவிட்டார்.

இதைச் சொன்னால் உடனே 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். ஓவியர் பாடு அவ்வளவு சுலபமாக இருந்தால் நன்றாக இருக்கும். முகம் பல நேரம் பொய்தான் சொல்லும், அதுவும் நன்றாகப் பழகிய பொய். சோர்வில்தான் மற்றது தெரியும். அதனால்தான் நேரில் உட்காரவைத்து வரைவதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. போட்டோ பிடிப்பது ஒரு நொடியின் துணுக்கை. நாலு மணி நேரம் உட்கார்ந்த ஒருவரை வரைந்தால் அந்த நாலு மணி நேரமும் படத்தில் படிகிறது. முதல் அரைமணி போஸ், அடுத்த அரைமணி சலிப்பு, அதற்கப்புறம் அவர் வேறெங்கோ போய்விடுகிறார். அப்போது வாயோரம் தளரும், தோள் ஒன்று இறங்கும். மதுரைக்காஞ்சியில் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று சொல்லியிருக்கிறது, 'நுழைந்த நோக்கு' உடையவர் என்ற அடைமொழியோடு. உள்ளே நுழையும் பார்வை. அப்படி நுழைய நேரம் வேண்டும், அதைவிட எதிரே இருப்பவர் கதவைத் திறக்கவும் வேண்டும்.

திறந்த கதவுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் 1970-இல் வரைந்த ஆண்டி வார்ஹோல். வார்ஹோல் யார்? பிரபலங்களின் முகத்தை அச்சு எடுப்பதுபோல் எடுத்துப் பேர் வாங்கியவர், தன் முகத்தையே ஒரு விளம்பரமாக வைத்திருந்தவர். 1968 ஜூனில் அவரைச் சுட்டார்கள், பிழைத்ததே பெரிது. நீல் அவரைச் சட்டையில்லாமல் உட்காரவைத்தார். மார்பிலும் வயிற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அறுவைத் தழும்புகள். இடுப்பைச் சுற்றி, வயிற்றைத் தாங்கும் மருத்துவக் கச்சை. மடியில் கோத்த கைகள். கண்கள் மூடியிருக்கின்றன, படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உலகையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், மற்றவர் தன்னைப் பார்ப்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்கிறார். உட்கார்ந்திருக்கும் இருக்கையை நீல் வெறும் கோடுகளாக விட்டுவிட்டார். பின்னால் வெளிர் நீலத் தீற்றல் ஒன்று, மற்றபடி பெரும்பாலும் வெற்று கேன்வாஸ். முடிக்காமல் விட்டதுபோல் இருக்கும். எனக்கு அது முடிந்த படம்தான். அந்த உடம்பைச் சுற்றி வேறு எதை வைத்தாலும் அது ஒரு போர்வையாகிவிடும்.

இதே நீல் பிறகு தன்னையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து வருடம் போல இழுத்தடித்து, 1980-இல் தன் 80 வயதில் தன் நிர்வாண உருவத்தை முடித்தார். கோடுபோட்ட நாற்காலி, கையில் பிரஷ், தொங்கும் வயிறு, மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. அடுத்தவரைக் காவல் இறக்கச் சொல்கிறவர் தானும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மாணவர்களிடம் முதலில் சுயஉருவம் வரையச் சொல்வதற்கு இலவச மாடல் என்பது மட்டும் காரணமில்லை.

அழகுக்கு வருவோம். அழகாகக் காட்டுவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வழவழப்பை அழகு என்று எடுத்துக்கொண்டால் படம் செத்துவிடும். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த 'மேடம் எக்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் அழகி என்று பேர்பெற்ற விர்ஜினி கோத்ரோ, கறுப்பு உடை, பக்கவாட்டில் திருப்பிய முகம். 1884-இல் சலோன் கண்காட்சியில் வைத்தபோது, உடையின் ஒரு தோள்பட்டி சரிந்து கிடந்ததற்காக ஊரே கொதித்தது. சார்ஜென்ட் பிறகு அந்தப் பட்டியைத் தோளுக்கு ஏற்றி வரைந்தார். எல்லாரும் பட்டியின் கதையைத்தான் சொல்வார்கள். நான் காதைப் பார்க்கச் சொல்வேன். அந்தப் பெண்மணி உடம்பெல்லாம் பவுடர் பூசியவர். தோலைச் சார்ஜென்ட் ஊதா கலந்த சாம்பல் வெளுப்பில், கிட்டத்தட்ட பளிங்குச் சிலைபோல் வரைந்திருக்கிறார். காது மட்டும் இளஞ்சிவப்பு. பவுடர் எட்டாத இடம். சிலைக்குள் ரத்தம் ஓடும் ஆள் இருப்பதை அந்த ஒரு காது காட்டிக்கொடுக்கிறது. அந்தப் படத்தில் அழகு எங்கே என்று யாராவது கேட்டால் நான் அங்கேதான் விரலை வைப்பேன்.

உங்கள் வேலைக்கும் இது பொருந்தும். தோல் நிறம் என்று ட்யூபில் விற்பதைத் தூக்கிப் போடுங்கள். தோல் என்பது ஒரு நிறம் கிடையாது. நெற்றி கொஞ்சம் மஞ்சள் பக்கம் போகும், மூக்கும் கன்னமும் காதும் சிவப்புப் பக்கம், தாடையும் வாயைச் சுற்றியும் சாம்பல் அல்லது பச்சைச் சாயல். மாநிறம், கறுப்பு, சிவப்பு எந்தத் தோலானாலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. கறுத்த தோலில் வெளிச்சம் படும் இடத்தில் நீலம் மின்னுவதைப் பார்க்காமல் வெள்ளையைக் கலந்துவிட்டால் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிடும். கண்ணின் வெள்ளையும் வெள்ளை இல்லை. இமையின் நிழல் அதன்மேல் விழும், மூலையில் சிவக்கும். மேல் இமைக்குத் தடிமன் உண்டு, அதைக் கோடாக வரைந்தால் மை தீட்டிய பொம்மை. பழைய இத்தாலிய ஓவியர்கள் முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறத்தைப் பூசிவிட்டுத்தான் மேலே சதை நிறம் ஏற்றினார்கள். மேல்பூச்சு தேய்ந்துபோன படங்களில் மாதா முகமெல்லாம் இன்று பச்சையாகத் தெரிவது இதனால். பார்க்கக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

அடையாளம் என்பது மூன்றிலும் சிக்கலானது. 'இவர் யார்' என்பதை முடிவுசெய்வது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் வேலாஸ்கெஸ் 1650-இல் ரோமில் இருந்தபோது, தன் பட்டறையில் அடிமையாக வேலைசெய்த ஹுவான் தே பரேஹாவை வரைந்தார். வெள்ளை லேஸ் காலர், மார்புக்குக் குறுக்கே மடக்கிய கை, நேருக்கு நேர் பார்க்கும் பார்வை. அந்தக் கால ரோமில் இப்படி நிமிர்ந்து பார்க்கும் உருவப்படம் பெரிய இடத்து ஆட்களுக்குத்தான். படம் அந்த மார்ச்சில் ரோமின் பழைய கோயிலான பந்தேயனில் மாட்டப்பட்டுப் பெரும் பேர் வாங்கியது. பார்த்தவர்கள் வியந்தபோது படத்தில் இருந்தவர் இன்னும் அடிமை. விடுதலைப் பத்திரத்தில் வேலாஸ்கெஸ் கையெழுத்திட்டது நவம்பரில்தான், அதிலும் நாலு வருடம் கழித்தே செல்லும் என்ற நிபந்தனை.

கதை அங்கே முடியவில்லை. விடுதலையான பரேஹாவும் ஓவியரானார். 1661-இல் அவர் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் தன்னையும் சேர்த்து வரைந்திருக்கிறார், கையில் தன் பெயர் எழுதிய தாளோடு. அந்தப் பரேஹாவின் நிறம் எஜமானர் காட்டியதைவிட வெளிறியிருக்கிறது. எது உண்மையான பரேஹா? வேலாஸ்கெஸின் படம் பெரிய படம், சந்தேகமே இல்லை. ஆனால் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த மனிதரே முடிவுசெய்தது இரண்டாவதில்தான். அவர் நிறத்தை ஏன் மாற்றினார் என்று யோசித்தால் அந்தக் காலத்தின் கொடுமை தெரியும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஜெர்மன் ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் வேறுமாதிரி. கணவரைப் பிரிந்து பாரிஸுக்கு வந்த 1906-இல், ஆறாவது திருமண நாளில், இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், கழுத்தில் ஆம்பர் மணிமாலையுடன் தன்னை வரைந்தார். வயிறு கர்ப்பிணியின் வயிறு. ஆனால் அப்போது அவர் கர்ப்பமாக இல்லை! கையெழுத்திலும் கணவர் பெயரை விட்டுவிட்டு 'பி.பி.' என்றே போட்டார். நடக்காத ஒன்றைத் தன் உடம்பில் வரைந்து, இதுவும் நான்தான் என்கிறார். அடுத்த வருடம் உண்மையிலேயே குழந்தை பிறந்து, சில நாட்களில் 31 வயதில் இறந்துபோனார். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை முன்போலப் பார்க்க என்னால் முடியவில்லை.

நம் காலத்தில் அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்ட். கறுப்பின மக்களை வரையும் இவர் தோலைச் சாம்பல் நிறத்தில்தான் தீட்டுவார். உடைகளில் பளீர் வண்ணம், தோலில் வண்ணமே கிடையாது. நிறத்தை வைத்து ஆளை எடைபோடும் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காமல் செய்கிற வேலை என்று நான் புரிந்துகொள்கிறேன். 2018-இல் இவர் வரைந்த மிஷெல் ஒபாமா படத்தைத் திறந்தபோது பலரும் சொன்ன குறை என்ன தெரியுமா? "அவர் மாதிரி இல்லையே." உங்கள் அம்மா தனியாள் இல்லை.

உள்ளதை உள்ளபடி வரைவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். வரையலாம், ஆனால் அது உங்கள் ஒருவர் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். சர்ச்சிலின் 80-ஆவது பிறந்தநாளுக்கு 1954-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து ஓவியர் கிரஹாம் சதர்லாந்திடம் அவரை வரையச் சொன்னார்கள். சதர்லாந்து கண்டது தளர்ந்த கிழவரை, வரைந்ததும் அதைத்தான். சர்ச்சிலுக்குப் பிடிக்கவே இல்லை. படத்தைப் பிறகு சர்ச்சிலின் மனைவியின் சம்மதத்தோடு அவருடைய செயலாளர் எரித்துவிட்டார். ஓவியத்தை எரித்தது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். அதேசமயம், எல்லாருக்கும் முன்னால் கேட்காமலே காவலை இறக்கிவிட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும் என்பதும் புரிகிறது. வார்ஹோல் தானே சட்டையைக் கழற்றிக் கண்ணை மூடினார். சர்ச்சிலுக்கு நடந்தது அப்படி இல்லை.

நான் வரைந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விஷயத்திலும் இதே சங்கடம் வந்தது. இரண்டு படங்களையும் காட்டினேன். பெரியதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். சின்னப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும், யார்கிட்டயும் காட்ட வேணாம்" என்றார். சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு வருடம் கழித்து அவர் மனைவி வந்தார். "தூங்கப் போறப்போ இப்படித்தான் இருப்பார், அதைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனார். படத்தைப் பற்றி அவரிடம் யார் சொன்னது? கணவரேதான் சொல்லியிருக்கிறார்.

சரி, உங்கள் அம்மாவை இனி எப்படி வரைவது? போட்டோவை உள்ளே வைத்துவிடுங்கள். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி அவரை உட்காரவையுங்கள். நேர் எதிரே விளக்கு வேண்டாம், அது முகத்தைத் தட்டையாக்கிவிடும். இருபது இருபத்தைந்து நிமிடம் உட்காரட்டும், ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும், மறுபடி. பெரிய கேன்வாஸ் வேண்டாம், ஒன்றரைச் சாண் போதும். முதல் நாள் வரைந்ததை வைத்துக்கொள்ளும் எண்ணமே வேண்டாம், அது கையைப் பழக்கத்தான்.

அவரிடம் பேசுங்கள், ஆனால் கேள்வியாகக் கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் முகம் வந்துவிடும். அவர் போக்கில் பேசவிட்டு, பேச்சு நின்ற பிறகு வரும் மௌனத்தில் வேகமாக வரையுங்கள். முதலில் கண்ணுக்குப் போகாமல் தலை சாய்ந்திருக்கும் கோணத்தையும், தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் பிடியுங்கள். தெருக்கோடியில் நடந்து வந்தாலும் அம்மாவை அடையாளம் கண்டுகொள்கிறீர்கள் அல்லவா, அந்தத் தூரத்தில் கண்ணும் மூக்கும் எங்கே தெரிகிறது? கைகளை விட்டுவிடாதீர்கள். முகத்தைக் காக்கத் தெரிந்தவர்களுக்கும் கைகளைக் காக்கத் தெரியாது.

எந்தக் கோணலையாவது நேராக்கத் தோன்றினால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே போய் வாருங்கள். ஒரு அமர்வு முடிந்ததும் அம்மாவுக்கு உடனே காட்டிவிடாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் காட்டுங்கள். "இதை அழிச்சிடு" என்று ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, அவர் இன்னும் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

கண்ணாடி போடுகிறவர் என்றால், கழற்றச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டாம். எப்போதாவது துடைக்கக் கழற்றுவார். அப்போது கையில் பென்சில் இருக்கட்டும்.